வெட்டி எடுத்த இருமல்

அத்தியாயம் 11

ஸ்லீவா, பைபாஸா? போன வாரம் டாக்டரம்மா இந்தக் கேள்வியைக் கேட்டு, யோசித்துச் சொல்ல ஒரு வாரம் அவகாசமும் கொடுத்து அனுப்பினார். இன்று மாலை பதில் சொல்லியாக வேண்டும். சுண்டெலியிடம் பதில் இல்லை. வீட்டில் மற்ற எல்லோரிடமும் இருந்தது, அதுதான் தொல்லை.

சுண்டெலி என்பது பட்டப்பெயர். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடரில் வாய் ஓயாமல் பேசுகிற ஒரு சுண்டெலிக்கு வருடக்கணக்காக அவள்தான் குரல். குரலைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் திகைத்துப் போவார்கள். ஒலிப்பதிவு அறையின் கதவுக்குள் அவள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். "தினமும் தானாக வந்து பொறிக்குள் மாட்டுகிற எலி நான் ஒருத்திதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சமீப காலமாகச் சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

முட்டி வலி, சர்க்கரை, மாடிப்படி ஏறினால் இளைப்பு. பட்டினி கிடந்தாள், நடந்தாள், நீந்தினாள். எடை கொஞ்சம் இறங்கும், பிறகு வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். கடைசியில் ஒருநாள் சுண்டெலியின் நீளமான வசனத்தை ஒரே மூச்சில் பேச முடியாமல் நடுவில் நின்றாள். அன்றைக்குத்தான் எடையைக் குறைக்கிற ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். மற்றவர்களுக்கு முட்டி முக்கியம், சர்க்கரை முக்கியம். அவளுக்கு அந்த மூச்சு முக்கியம்.

எந்த ஆபரேஷன் என்பதில்தான் சிக்கல் வந்தது.

அவள் கணவர் அதே ஸ்டுடியோவில் ஒலியை வெட்டி ஒட்டுகிறவர். அதனால் அவருக்குக் கத்தரி என்று பெயர். கத்தரி என்று பெயர் வைத்துக்கொண்டு கத்தி என்றால் குலைநடுங்குகிற மனிதர். வயிற்றுக்குள் பலூனை வைத்து ஊதுகிறார்களாம், கத்தியே படாதாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து அதையே பிடித்துக்கொண்டார். பலூனை ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகு எடை திரும்பிவிடும், இவளுடைய சர்க்கரைக்கு அது காணாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் பலூன் அவர் மனதை விட்டு இறங்கவில்லை.

அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், ஸ்லீவ் கட்சி. கட்சி என்ன, அதற்குத் தலைவியே அவள்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இரண்டு வருடம் முன்னால் வேறொரு ஊரில் ஸ்லீவ் செய்துகொண்டு பாதியாக இளைத்துவிட்டாள். இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய் போல விடுகிற ஆபரேஷன் அது. குடலைத் தொடுவதில்லை. தன்னுடைய பழைய சட்டையைக் கொண்டுவந்து, அதற்குள் தானும் புகுந்து இன்னொருத்தியையும் நுழைத்துக் காட்டுவாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள், படிக்கட்டில் ஓடுகிறாள். ஊரில் யார் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாலும் நிறுத்தி வைத்து ஸ்லீவ் புராணம் பாடிவிடுவாள்.

பைபாஸைப் பற்றிப் பேச ஆளே இல்லை. இரைப்பையின் மேல் நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, குடலைக் கொண்டுவந்து நேரே அதில் இணைப்பது அது. வயிற்றுக்குள் ரயில் தண்டவாளத்தை மாற்றிப் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று கத்தரி பயந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மாவோ பிடி கொடுக்காமல் பேசினார். கேமராவை விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் வாய் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நெஞ்செரிச்சல் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் சுண்டெலி. அது உண்மைதான், நெஞ்சு ஒருநாளும் எரிந்ததில்லை. அப்படியானால் இரண்டில் எதுவும் செய்யலாம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை ஸ்டுடியோவுக்குக் கிளம்பும்போது, பேசாமல் ஸ்லீவ் என்று சொல்லித் தலைமுழுகிவிடலாம் என்றுதான் சுண்டெலி நினைத்திருந்தாள். கண்முன்னால் நாத்தனார் நடமாடுகிறாள். அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

காலையில் கத்தரி ஸ்டுடியோவுக்கு வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்க லேபுக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் பக்கத்து அறையில் விளம்பரங்களுக்கு வேலை பார்க்கிற மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். நல்ல வேலைக்காரர், கொஞ்சம் நிதானம்.

அன்றைய காட்சியில் சுண்டெலி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விழுந்துவிடுகிறது. உள்ளே இருந்தபடியே பூனையைத் திட்ட வேண்டும், வெளியே இருக்கிற தோழியைக் கெஞ்ச வேண்டும், நடுநடுவே பயத்தில் கீச்சிட வேண்டும். அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். பேசி முடித்ததும் தனக்கே திருப்தியாக இருந்தது. போட்டுக் காட்டும்படி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை செய்தாள்.

மீசைக்காரர் போட்டார்.

அவள் தன் குரலை ஆயிரம் தடவை கேட்டவள். இது வேறு மாதிரி இருந்தது. சுண்டெலி ஒரு வரி பேசியது, பின்னாலேயே யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னொரு வரி, இன்னொரு செருமல். வரியின் கடைசியில் குரல் சொரசொரவென்று உரசிக்கொண்டு இறங்கியது. நடுவில் ஒரு வறட்டு இருமல்.

"அங்க யாரு இருமுறது? உங்க பக்கத்து மைக் திறந்திருக்கா?" என்று கேட்டாள்.

மீசைக்காரர் சங்கடமாக நெளிந்தார். "நீங்கதான் அக்கா."

"நானா?"

"ஒவ்வொரு வரிக்கும் நடுவுல வருது. சார் அதெல்லாம் அப்பப்பவே வெட்டிட்டுத்தான் உங்களுக்குப் போட்டுக் காட்டுவார். எனக்கு அந்த வேகம் வராது. அப்படியே போட்டுட்டேன்."

அவள் நம்பவில்லை. பழைய பதிவு ஒன்றை வெட்டுவதற்கு முன்னால் இருந்தபடி எடுக்கச் சொன்னாள். மீசைக்காரர் மனசில்லாமல் ஒன்றைத் திறந்தார். அதிலும் அதே செருமல். அதற்கும் முந்தைய ஒன்றைத் திறந்தார். அதிலும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. இது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று கேட்டதற்கு அவர், தான் இங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே இப்படித்தான் என்றார். பிறகு, எல்லோருக்கும் தெரியும் அக்கா, யாரும் பேசக்கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார் என்று உளறியும் விட்டார்.

சுண்டெலிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

முதலில் வந்தது கோபம். ஊரே சேர்ந்து தன்னிடம் மறைத்த கோபம். ஐந்து நிமிடம்கூட அது நிற்கவில்லை. அடியில் இருந்து பயம் மேலே வந்தது. ஏனென்றால் தொண்டை சரியில்லை என்பது அவளுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். காலையில் எழுந்தால் குரல் வெளியே வர வெகுநேரம் ஆகிறது. எச்சில் விழுங்கினால் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்பது போல் இருக்கிறது. தூசி என்பாள், ஏசி என்பாள், வயசு என்பாள். உள்ளுக்குள் கட்டி என்ற வார்த்தை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் தொண்டையில் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாளே வேறு குரலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கணவரிடம் சொன்னால் அவர் ஆபரேஷனை நிறுத்திவிட்டு ஆளைப் படுக்கையில் போட்டுவிடுவார்.

செருமுவது மட்டும் அவளுக்கே தெரியாது. அது கண் சிமிட்டுவது போல் பழகிப்போயிருந்தது. தானாகக் கேட்டிருக்க வேண்டிய ஒரே இடத்தில் கத்தரி அதை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது கத்தரி சமையலறையில் அவளுக்காக வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்திருக்கிறது என்று உற்சாகமாக ஆரம்பித்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என் இருமலை நான் கேட்டேங்க" என்றாள்.

நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. மீசைக்காரனைச் சபிக்கலாமா, தெரியாத மாதிரி நடிக்கலாமா என்று அவர் ஒரு கணம் கணக்குப் போட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு இரண்டையும் விட்டுவிட்டார். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லாமல் இருக்க மட்டும் தெரிந்தவர்.

ஆரம்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்ததாம். வெட்டுவது தன் வேலைதானே என்று வெட்டினாராம். பிறகு அதிகமானது. தயாரிப்பாளர்கள் காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று இன்னும் சுத்தமாக வெட்டினார். பிறகு அவள் காதிலேயே விழக் கூடாது என்று தோன்றிவிட்டது. கேட்டால் பயப்படுவாள், பயந்தால் குரல் இறுகிவிடும்.

"நீங்க பயப்படலையா?" என்று கேட்டாள்.

அவர் வெள்ளரித் துண்டுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடிந்ததும் திரும்பவும் கலைத்து அடுக்கினார்.

"வெட்டுறப்பல்லாம் அதைத்தான் நினைப்பேன். உன் தொண்டையில ஏதாவது இருக்குமோன்னு. கேட்டா டாக்டர்கிட்ட போகணும். போனா ஏதாவது சொல்லிடுவாங்க. அதனால கேக்கலை. வெட்டிட்டே இருந்தேன்."

சுண்டெலிக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தானும் அதே பயத்தை அதே வீட்டில் அதே கட்டிலின் இன்னொரு பக்கத்தில் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டு இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் பதுக்கியிருக்கிறார்கள். முதலில் அவள்தான் சிரித்தாள், சிரித்ததும் இருமல் வந்தது. இந்த முறை அதை வெட்ட முடியாமல் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது. மயக்கம் கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் விடுவார்கள் என்று நாத்தனார் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதற்காகவாவது சொல்ல வேண்டும். வயிற்றுக்கும் இந்த இருமலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ஆபரேஷன் தள்ளிப்போகும், ஒருவேளை நின்றேபோகும் என்ற கவலையோடுதான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

மாலையில் நாத்தனார் பயிற்சிக் காரோடு வந்து நின்றாள். அந்தக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. போகிற வழியெல்லாம் அண்ணியை ஸ்லீவுக்குச் சம்மதிக்க வைத்துவிட்டோம் என்ற பெருமையில் பேசிக்கொண்டே ஓட்டினாள். குடலில் கை வைக்காத ஆபரேஷன், சீக்கிரம் எழுந்து நடக்கலாம், அடுத்த வருடம் இதே நேரம் நீங்களும் பழைய சட்டையைத் தூக்கிக் காட்டுவீர்கள் என்றாள். பின் இருக்கையில் கத்தரி ரத்தப் பரிசோதனைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். சுண்டெலி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். டாக்டரம்மா ஒல்லியாக, கறாராக, எதையும் படம் வரைந்து விளக்குகிறவர். இன்றும் வெள்ளைத் தாளும் பென்சிலும் தயாராக வைத்திருந்தார். என்ன முடிவு என்று கேட்டார்.

சுண்டெலி முடிவைச் சொல்லவில்லை. காலையில் நடந்ததைச் சொன்னாள். கத்தரி போனை எடுத்து, மீசைக்காரரிடம் கேட்டு வாங்கியிருந்த வெட்டாத பதிவைப் போட்டார். ஜாடிக்குள் மாட்டிய சுண்டெலி அந்த அறையில் பூனையைத் திட்டியது, கெஞ்சியது, செருமியது, இருமியது. டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

பிறகு கேள்விகள் வந்தன. காலையில் குரல் கம்மியிருக்கிறதா? விழுங்கினால் உருண்டை மாதிரி அடைக்கிறதா? சாப்பிட்டு உடனே படுத்தால் இருமல் வருகிறதா? வாய் புளிக்கிறதா? எல்லாவற்றுக்கும் சுண்டெலி ஆமாம் ஆமாம் என்றாள். தன் வீட்டுக்குள் வந்து பார்த்தது போல் இந்த அம்மா எப்படிக் கேட்கிறார் என்று ஆச்சரியமாக இருந்தது.

"நெஞ்சு எரியலைன்னா எதுக்களிப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை" என்றார் டாக்டரம்மா. "சில பேருக்கு வயித்துல இருக்கிற அமிலம் சத்தம் போடாம தொண்டை வரைக்கும் ஏறிடும். நான் நெஞ்சைக் கேட்டேன், தொண்டையைக் கேக்கலை. நீங்களும் சொல்லலை. முதல்ல தொண்டையைப் பார்த்துடுவோம், அப்புறம் மிச்சத்தைப் பேசலாம்."

பக்கத்து அறையிலேயே தொண்டை டாக்டர் இருந்தார். மூக்கு வழியாக நூல் போன்ற ஒரு கேமராவை இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வலிக்கவில்லை. எதிரே திரையில் ஈரமான சிவப்பு நடுவே இரண்டு வெள்ளைப் பட்டைகள் தெரிந்தன. ஈ என்று சொல்லச் சொன்னார். சொன்னாள். பட்டைகள் இரண்டும் கூடி நடுங்கின. இத்தனை குழந்தைகளைச் சிரிக்க வைத்த எலி இவ்வளவுதானா என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது.

கத்தரி திரையைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டி எதுவும் இல்லை" என்றார் தொண்டை டாக்டர். "பின்பக்கம் வீங்கிச் சிவந்திருக்கு பாருங்க, அது அமிலம் பட்டுப் பட்டு ஆனது. அமிலம் நின்னா இதுவும் ஆறிடும்."

கத்தரி சட்டென்று வெளியே போய்விட்டார். சுண்டெலி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நடந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது. இரண்டு பேருக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. எவ்வளவு காலத்துப் பாரம் என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஆபரேஷன் பேச்சு எளிதாகிவிட்டது. டாக்டரம்மா தாளில் இரண்டு இரைப்பைகளை வரைந்தார். ஸ்லீவில் இரைப்பை ஒடுங்கிய குழாய் ஆகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும், ஏற்கெனவே வாய் தளர்ந்து மேலே ஏறுகிற அமிலம் இன்னும் ஏறலாம். பைபாஸில் மேலே இருக்கிற சின்னப் பையில் அமிலம் மிகக் குறைவு, மிச்ச இரைப்பையின் அமிலம் கீழே குடலோடு போய்விடும். இவளுடைய சர்க்கரைக்கும் அது நல்லது. போன வாரம் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை என்றார்.

அதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆயுளுக்கும் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். முட்டி வலிக்கு இப்போது போட்டுக்கொள்கிற மாத்திரையை மறந்துவிட வேண்டும், புண் வந்துவிடும். இனிப்பை அள்ளிப் போட்டுக்கொண்டால் படபடவென்று அடித்துக்கொண்டு தலை சுற்றும். ஆபரேஷனுக்கு முன்னால், ஒருநாள் முழுக்க மூக்கு வழியே மெல்லிய குழாய் வைத்து அமிலம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சுண்டெலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் குரல் மாறிடுமா டாக்டர்?"

"உடம்பு இளைச்சா குரல்லயும் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். தெரியாமலும் போகலாம். அதை என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா அமிலத்துல ஊறிக்கிட்டே இருந்தா உங்க தொண்டை என்னாகும்னு சொல்ல முடியும்."

மழுப்பாமல் சொன்ன அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. கணவரைப் பார்த்தாள். ரயில் தண்டவாளத்துக்குப் பயந்த மனிதர் இப்போது தலையாட்டிக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் தானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"பைபாஸே பண்ணிடுங்க. அந்தப் பரிசோதனையும் நீங்க சொல்ற மாதிரி வந்துட்டா எனக்கு வேற யோசனை இல்லை."

சொன்னதும் ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. யாருக்காகவும் தலையாட்டாமல், யாருடைய சட்டைக்குள்ளும் நுழையாமல் எடுத்த முடிவு. தனக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு வாரமாகக் கனத்த தலை லேசாகிவிட்டது.

அப்போதுதான் நாத்தனார் பேசவே இல்லை என்பதைக் கவனித்தாள். ஸ்லீவை ஒதுக்கிவிட்டார்கள், கட்சித் தலைவி மேசையைத் தட்டிச் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். அவளோ தாளில் இருந்த அந்தக் குழாய்ப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் போலிருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள் சுண்டெலி.

தொண்டைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க கத்தரி மருந்துக்கடை வரிசையில் போய் நின்றார். பெண்கள் இருவரும் வந்து காரில் ஏறினார்கள். நாத்தனார் வண்டியைக் கிளப்பினாள், அது ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள்.

கோபமா என்று கேட்டாள் சுண்டெலி.

"இல்லை அண்ணி. படுத்தா இருமல் வருமான்னு அந்த டாக்டர் உங்களைக் கேட்டாங்கல்ல." அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். "நான் படுத்தே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன். படுத்தா வாய் வரைக்கும் எரிஞ்சுக்கிட்டு வருது."

சுண்டெலி திரும்பி அவளைப் பார்த்தாள். இளைத்து, எடுப்பாக, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறவள். அந்தக் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை, வேலை அதிகம் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"ஏன்டி சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? எல்லாரும் என்னைப் பார்த்துப் பாராட்டுறாங்க. சர்க்கரை போச்சு, முட்டி வலி போச்சு, அதெல்லாம் நிஜம்தான். இது ஒண்ணைச் சொன்னா, அன்னிக்கே வேண்டாம்னு சொன்னோம்லன்னு ஆரம்பிச்சுடுவாங்க. நீங்களும் அதையே பண்ணிக்கிட்டா..." அவள் குரல் உடைந்தது. "நீங்களும் பண்ணிக்கிட்டு, உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, என் உடம்புதான் சரியில்லைன்னு விட்டுடலாம். உங்களுக்கும் இப்படி வந்தா, துணைக்கு ஒரு ஆள் கிடைச்சுதுன்னு... சீ, எவ்வளவு கேவலமா யோசிச்சிருக்கேன் பாருங்க."

இன்று காலை வரை சுண்டெலி ஸ்லீவ் என்று சொல்வதாகத்தான் இருந்தாள். மயிரிழையில் தப்பியிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் இவள் மேல் ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு வருடமாக உட்கார்ந்தே தூங்கிக்கொண்டு, பகலெல்லாம் பழைய சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்த ஒருத்தியிடம் எங்கே போய் ஆத்திரப்படுவது? நேற்று வரை தானும் தொண்டைக் கோளாறுக்கு ஏசி மேல் பழி போட்டவள்தானே.

கண்ணாடியில் கத்தரி மருந்துப் பையோடு வருவது தெரிந்தது. நாத்தனார் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. ப்ளீஸ். நான் பார்த்துக்கறேன்."

சுண்டெலி கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்து, மேல் பிடியைப் பிடித்து, இளைக்க இளைக்க இறங்கினாள். சுற்றிக்கொண்டு வந்து ஓட்டுகிறவள் பக்கத்துக் கதவையும் திறந்தாள்.

"இறங்கு. டாக்டர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க."

கத்தரி அருகே வந்து, என்ன ஆச்சு, எதையாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், அண்ணி நீட்டிய கையைப் பார்த்தாள்.

பிறகு சாவியை உருவி எடுத்தாள்.